தமிழ்லயா பாத்தே?

பொங்கல் லீவுக்கு அக்கா மகன் திசையன்விளைக்கு வந்திருந்தான். சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பனங்கிழங்கு உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். புதிதாக வந்திருக்கும் ஏதோ ஒரு சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

“வா, திருநெல்வேலிக்குப் போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றேன்.

“அங்க தமிழ்லதான் ஓடுது மாமா. நான் இப்போ தமிழ்ல பாக்கறதில்ல.”

“ஏன்டே?”

முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான். ஹாஸ்டலில் ஒரு நாள் ராத்திரி எல்லோரும் ‘அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்’ பற்றிப் பேசியிருக்கிறார்கள். இவனும் ஆர்வமாகப் பேசியிருக்கிறான். எங்கே பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். திருநெல்வேலியில், தமிழில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறான். “தமிழ்லயா பாத்தே?” என்று ஒருத்தன் கேட்க, அறையே சிரித்திருக்கிறது. ஒரு வாரம் இவன் பெயரே ‘டப்பிங்’.

“இப்போ எல்லாமே இங்கிலீஷ்லதான் பாக்கேன் மாமா. அதுதான் ஒரிஜினல்.”

“புரியுதாடே?”

“சப்டைட்டில் இருக்குல்லா…” கிழங்கின் நாரை உரித்தபடியே கொஞ்சம் கழித்துச் சொன்னான். “பாதி புரியும்.”

சிரித்த பையன்கள் யார் என்று கேட்டேன். ஒருத்தனுக்குக் கோவில்பட்டி. இன்னொருத்தனுக்குத் தஞ்சாவூர். எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள்தான்!

அந்த எண்ட்கேம் படத்துக்கு இவனைக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். 2019 ஏப்ரல் கடைசி, முழுப் பரீட்சை லீவு. அப்போது ஏழாம் வகுப்பு. உச்சி வெயிலில் பஸ் பிடித்துப் போனோம். வீட்டில் தனியாக இருக்க வேண்டாமே என்று என் அம்மாவையும் கூட்டிக்கொண்டோம். அம்மா கடைசியாகத் தியேட்டருக்குப் போனது எந்தக் காலத்திலோ. பஸ்ஸிலேயே பையன் தன் ஆச்சிக்கு முந்தைய கதைகளை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். “பச்சையா இருக்கான்லா ஆச்சி, அவன் நல்லவன்தான். கோவம் வந்தாத்தான் அப்படி ஆவான்.” “உங்க தாத்தா மாதிரின்னு சொல்லு” என்றாள் அம்மா.

மூன்று மணி நேரப் படம். அம்மா தூங்கவில்லை. கடைசியில் அயர்ன் மேன் சாகும்போது தியேட்டரே அமைதியாக இருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சின்ன பொம்பளப் புள்ளய விட்டுட்டுப் போயிட்டானடே பாவி” என்றாள். இரும்புச் சட்டை, விண்வெளி, கல் பதித்த கையுறை எதுவும் அவளுக்கு முக்கியமில்லை. ஒரு தகப்பன், ஒரு பெண் குழந்தை. அது போதும். அந்தத் தகப்பன் தமிழில் பேசியதால்தான் அது திசையன்விளைக்காரியிடம் வந்து சேர்ந்தது. இங்கிலீஷில் பேசியிருந்தால் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டிருப்பாள்.

அந்த மத்தியானத்தைத்தான் ஹாஸ்டல் அறையில் சிரித்துக் கேவலப்படுத்தியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வாரம் அந்தக் கோபத்தைத்தான் எழுதப்போகிறேன்.

*

பி.காம். படித்தவன். எனவே கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இந்தப் படங்கள் எல்லாம் தனிப் படங்கள் இல்லை. தொடர் வியாபாரம். 2009ல் டிஸ்னி கம்பெனி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து மார்வெல்லை வாங்கியது. பல ஆயிரம் கதாபாத்திரங்களின் உரிமை அதில் அடக்கம். 2008ல் வந்த ‘அயர்ன் மேன்’ தொடங்கி 2019 ‘எண்ட்கேம்’ வரை 22 படங்கள். ஒன்றைப் பார்த்தால் அடுத்ததைப் பார்த்தே ஆக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘தொடரும்’ போடுகிற அதே தந்திரம்தான். எண்ட்கேமுக்கு ஆன செலவு 35 கோடி டாலருக்கு மேல். உலகம் முழுக்க வசூல் சுமார் 280 கோடி டாலர். இந்தியாவில் மட்டும் 300 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்தியாவில் இந்தப் பணம் எப்படி வந்தது? இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மட்டும் கொடுத்ததா? இல்லை. இந்தியிலும் தமிழிலும் தெலுங்கிலும் பார்த்தவர்களும் சேர்ந்து கொடுத்தது. இது அந்தக் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். 2016ல் ‘ஜங்கிள் புக்’ படம் அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே இந்தியாவில் வெளியானது. 2021 டிசம்பரில் ‘ஸ்பைடர்மேன்’ படம் ஒன்று அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்பே இங்கே வந்துவிட்டது. நம் மேல் உள்ள பாசமா? கல்லாப்பெட்டி மேல் உள்ள பாசம்!

ஆக, தமிழில் பார்க்கிறவன் ஓசியில் பார்க்கிறவன் அல்ல. அவனும் வாடிக்கையாளன். ஒரே தியேட்டரில் காலையில் இங்கிலீஷ், மத்தியானம் தமிழ் என்று ஓட்டும்போது, தமிழ் ஷோவுக்கு டிக்கெட்டில் தள்ளுபடி தருகிறார்களா? முழுக் காசு வாங்குகிறார்கள் அல்லவா? அப்படியானால் முழு மரியாதையும் தர வேண்டும். தருகிறார்களா?

இல்லை என்பதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

*

டப்பிங் படம் என்றாலே சிரிப்பு வருகிறது என்று சொல்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். சில படங்களில் தமிழ் அப்படித்தான் இருக்கிறது.

ஒருபக்கம், ‘ஓ கடவுளே, நாம் இப்பொழுது இங்கிருந்து வெளியேறியாக வேண்டும்’ என்று பாடப்புத்தகத் தமிழ். நெருப்பு துரத்தும்போது எவனாவது ‘வெளியேறியாக வேண்டும்’ என்பானா? ‘ஓடுங்கடா’ என்பான். இன்னொரு பக்கம், உலகமே அழியப்போகிற நேரத்தில் ஹீரோ திடீரென்று தமிழ்ப் படக் காமெடி வசனம் பேசுகிறான். மூலப் படத்தில் அந்த இடத்தில் சிரிப்பே கிடையாது. தமிழனுக்கு இது போதும், சிரிப்புக் காட்டினால் கை தட்டிவிட்டுப் போய்விடுவான் என்று யாரோ ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். படத்தில் ஒரு ராட்சசனின் தோல் சுருக்கத்துக்குக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்காக வேலை செய்கிறார்கள். அவன் பேசுகிற தமிழுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அக்கறையாவது வேண்டாமா?

டப்பிங் வசனம் எழுதுவது லேசான வேலை இல்லை. திரையில் உதடு அசையும்போது தமிழ் தொடங்க வேண்டும், உதடு நிற்கும்போது நிற்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ப, ம மாதிரி உதடு ஒட்டுகிற எழுத்து வந்து விழ வேண்டும். பள்ளியில் எங்கள் தமிழய்யா துறவு அதிகாரத்தில் ஒரு குறளைச் சொல்லச் சொல்வார். சொல்லும்போது உதடு ஒட்டவே ஒட்டாது. பற்றை விட்டவனுக்கு உதடுகூட ஒட்டாதுடே என்று விளக்குவார். டப்பிங் வசனகர்த்தா தினமும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே எழுத வேண்டும். இங்கிலீஷில் வினைச்சொல் நடுவில் வரும், தமிழில் கடைசியில் வரும். கோபத்தில் முகம் சிவக்கிற இடம் ஒன்று, நம் வினைச்சொல் வந்து சேருகிற இடம் வேறொன்று. இதையெல்லாம் சரிக்கட்டி, கேட்கிறவனுக்கு இயல்பாகவும் இருக்க வேண்டும். கூடவே ரகசியம் காக்கிற தொல்லை வேறு. கதை கசிந்துவிடக் கூடாது என்று பல பெரிய படங்களில் டப்பிங் கலைஞருக்கு முழுக் காட்சியைக்கூடக் காட்டுவதில்லை. கறுப்புத் திரையில் பேசுகிற முகம் மட்டும் தெரியும். யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்றே தெரியாமல் அழ வேண்டும்.

இவ்வளவு செய்கிற மனிதரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. அண்மையில் ஒரு படத்தில் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை வேண்டுமென்றே உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு போட்டவர் பெயர் வந்தது, கார் ஓட்டியவர் பெயர் வந்தது. இரண்டரை மணி நேரம் என்னோடு தமிழில் பேசியவர் பெயர் வரவில்லை. தியேட்டரைக் கூட்ட வந்த அம்மா, “படம் முடிஞ்சிட்டு தம்பி” என்று என்னை எழுப்பாத குறையாகச் சொன்னார்.

பெயர் எப்போது வருகிறது? நட்சத்திரம் பேசும்போது! எண்ட்கேம் தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். வசனம் ஏ.ஆர்.முருகதாஸ். விளம்பரத்தில் இரண்டு பெயரும் பெரிதாக வந்தன. டிரெய்லர் வந்ததும், பழைய குரல் எங்கே என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். விஜய் சேதுபதி நல்ல நடிகர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரசிகர்களின் கோபத்தில் இருந்த அர்த்தத்தைக் கவனியுங்கள். பெயர் தெரியாத ஒரு கலைஞரின் குரலைத்தான் அவர்கள் அயர்ன் மேன் என்று மனதில் வைத்திருந்தார்கள். தொடரின் உச்சகட்டத்தில் ஆளை மாற்றினால் சும்மா இருப்பார்களா? ஆச்சி கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறு யாரோ வந்து மீதியைச் சொன்ன மாதிரி.

நட்சத்திரம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2019ல் வந்த ‘லயன் கிங்’ தமிழில் ஸ்கார் சிங்கத்துக்கு அரவிந்த்சாமி. 1994ல் வந்த கார்ட்டூன் படத்தில் சிம்பாவுக்குப் பேசியவரும் அவரே. சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் சேர்ந்து அடித்த லூட்டி அந்தக் காட்டுப்பன்றிக்கும் கீரிக்கும் பொருந்தியது. குரலில் வித்தை இருந்தால் நட்சத்திரமும் பேசட்டும். எஸ்.பி.பாலசுப்ரமணியம் தெலுங்கில் பென் கிங்ஸ்லியின் காந்திக்குப் பேசியவர். ‘தசாவதாரம்’ தெலுங்கில் கமலின் பத்து வேடங்களில் ஏழுக்குப் பேசியவர். அவரும் நட்சத்திரம்தான், ஆனால் அது வித்தை. போஸ்டரில் முகம் போடுவதற்காகக் கூப்பிடுவது வித்தை இல்லை, விளம்பரச் செலவு.

*

இப்போது சிரித்த பையன்கள் பக்கம் வருகிறேன்.

‘ஒரிஜினலில் பார்ப்பதுதான் ரசனை’ என்கிறார்கள். சரி, நீங்கள் தல்ஸ்தோயை ரஷ்ய மொழியிலா படித்தீர்கள்? தமிழிலோ இங்கிலீஷிலோ மொழிபெயர்ப்பில்தானே? புத்தகம் மொழிபெயர்த்தால் இலக்கியம், 1989 முதல் சாகித்ய அகாடமி அதற்கு விருதுகூடத் தருகிறது. படம் மொழிபெயர்த்தால் மட்டும் கேவலமா?

ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் ஹாலிவுட் படங்களைப் பெரும்பாலானவர்கள் தங்கள் மொழியில்தான் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு ஹாலிவுட் நடிகருக்குக் குரல் கொடுக்கிறவர் பல வருஷம் அவருக்கே கொடுப்பார். அந்தக் குரலுக்கென்று ரசிகர்கள் உண்டு. அங்கே யாரும் யாரையும் ‘ஜெர்மன்லயா பாத்தே?’ என்று கேட்டுச் சிரிப்பதில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் கர்நாடகத்தைப் பாருங்கள். அங்கே 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் டப்பிங் படமே வர முடியாதபடி சினிமாக்காரர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பு போய்விடும் என்பது காரணம். எங்கள் பிள்ளைகள் கார்ட்டூனைக்கூடக் கன்னடத்தில் பார்க்க முடியவில்லையே என்று கன்னட நுகர்வோரே போராடினார்கள். 2015ல் இந்தியப் போட்டி ஆணையம் டப்பிங்கைத் தடுத்தது தவறு என்று உத்தரவு போட்டது. தன் மொழியில் படம் பார்க்கிற உரிமைக்காக அங்கே வழக்கு நடந்திருக்கிறது. நமக்கு அது கேட்காமலே கிடைத்திருக்கிறது. நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம்!

இத்தனைக்கும் இந்த வித்தையில் நாம் முன்னோடிகள். ஏவி.மெய்யப்பன் 1940களிலேயே ‘ஹரிச்சந்திரா’ கன்னடப் படத்தைத் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டார். சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்தது. இங்கிலாந்துக் கதை. மூலப் பெயரை நேராக மாற்றினால் ‘உருக்கு நகம்’ என்று ஏதோ வரும். ‘இரும்புக்கை மாயாவி’ என்று வைத்தாரே, அவர் கையில் மோதிரம் போட வேண்டும். நாங்கள் எல்லாம் அந்த மாயாவியோடு வளர்ந்தவர்கள். கரண்ட் கம்பியைத் தொட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியுமே, அந்த ஆள் வெள்ளைக்காரன் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தேரிக்காட்டுச் செம்மண்ணில் விளையாடும்போது நாங்களே மாயாவிகள்.

*

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இடையன்குடி இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் 1841ல் அங்கே வந்தார். சென்னையிலிருந்து நடந்தே வந்தார் என்பார்கள். அவர் கொண்டுவந்ததும் வேறு மொழிக் கதைதான். கேட்க வேண்டியவர்கள் பனையேறிகள். நீ இங்கிலீஷ் படித்துவிட்டு வா, அப்புறம் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. உட்கார்ந்து தமிழ் படித்தார். 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதுகிற அளவுக்குப் படித்தார். சுமார் 50 வருஷம் இங்கே வாழ்ந்து, இடையன்குடி மண்ணிலேயே அடக்கமானார். எங்கள் பக்கத்து ஜனங்களைப் பற்றி அவர் எழுதிய ஒரு புத்தகம் பெரிய சண்டையைக் கிளப்பியது. அந்தக் கோபம் நியாயமானது, அது தனிக் கதை. ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை: கேட்கிறவனின் மொழியில் சொல்வது சொல்கிறவனின் வேலை.

இன்னொரு பக்கம் திருச்செந்தூர் அருகே காயாமொழி. சி.பா.ஆதித்தனார் லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். 1942ல் தினத்தந்தி தொடங்கியபோது டீக்கடையில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனை மனதில் வைத்து எழுதச் சொன்னார். கொச்சையும் வேண்டாம், பண்டிதமும் வேண்டாம், பேசுகிற தமிழில் சின்னச் சின்ன வாக்கியம் போதும் என்றார். படித்தவர்கள் கிண்டல் செய்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான பேர் அதில்தான் வாசிக்கப் பழகினார்கள்.

ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாராலும் ஒரு பாரிஸ்டராலும் எங்கள் பனங்காட்டில் செய்ய முடிந்ததை, 280 கோடி டாலர் வசூல் பண்ணுகிறவர்களால் செய்ய முடியாதா?

நான் கேட்பது மூன்றே மூன்று.

1. தமிழ் வசனம் எழுதியவர், குரல் கொடுத்தவர்கள் பெயரைத் தமிழ்ப் பிரதியின் முகப்பிலேயே, தமிழில் போடுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

2. தொடர் படம் என்றால் தொடர்ந்து ஒரே குரல். போஸ்டருக்காக ஆளை மாற்றாதீர்கள்.

3. தமிழக அரசு திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கு விருது உண்டு. மொழிமாற்று வசனத்துக்கும் அதே மரியாதை கொடுங்கள். எம்.எஸ்.பாஸ்கர் மாதிரியான நடிகரைச் சினிமாவுக்குக் கொடுத்ததே இந்த டப்பிங் அறைதான்.

‘இந்தப் படங்களே குப்பை, இதற்கு இவ்வளவு பேச்சா?’ என்று கேட்பவர்களுக்கு: குப்பையும் உண்டு, நல்லதும் உண்டு. எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் சுடலைமாடன் கதையை வருஷா வருஷம் வில்லுப்பாட்டில் கேட்கிறோம். கதை தெரியாமலா கேட்கிறோம்? தெரிந்த கதையைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்பது ஒரு சந்தோஷம். அயர்ன் மேனும் அப்படித்தான். வில்லுப்பாட்டை இங்கிலீஷில் பாடினால் சாமி வருமா?

தமிழில் பார்ப்பது கேவலம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு மட்டமான தமிழைத் தருவதுதான் கேவலம். அதைவிடக் கேவலம், புரிந்து அழுதவனைப் பார்த்துப் புரியாமல் பார்த்தவன் சிரிப்பது.

இதையெல்லாம் அன்றைக்கு அக்கா மகனிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தாள்: “ஏலே, அந்த இரும்புச் சட்டக்காரன் புள்ள என்னடே ஆச்சு? அடுத்த படத்துல வந்தாளா?”

பையன் எழுந்து உள்ளே போனான். ஆச்சிக்குக் கதை சொல்ல ஆரம்பித்தான். தமிழில்தான்.